முதல் கூடாரத்துக்கு முன்னால்

பிள்ளைகளோடு முதல் முறை கூடாரத்தில் தங்கப் போகிறீர்களா? கோலாலம்பூர்க்காரர்களுக்கு உலு லங்காட்டின் சுங்கை சொங்காக் ஆற்றுப் பக்கம்தான். ஓர் இரவு போதும். முந்தின வாரமே கூடாரத்தை வீட்டு ஹாலில் விரித்துப் பாருங்கள். எங்களுடையதில் ஒரு கம்பி குறைந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

சாயங்கால மழைக்கு மேலே கட்ட ஒரு தார்ப்பாய், ஆளுக்கொரு டார்ச் லைட், மாற்றுத்துணி, கொசு மருந்து கட்டாயம். சாப்பாட்டுக்கு மெகி, முட்டை, வீட்டுச் சம்பால் போதும். மீதியைக் காரில் வைத்துப் பூட்டுங்கள், குரங்கு விடாது.

அப்புறம், கூடாரத்தை ஆற்றங்கரையை விட்டு மேட்டில் போடுங்கள். இங்கே வெயில் அடித்தாலும், மலையில் மழை பெய்தால் ‘கெபாலா ஆயர்’ என்கிற திடீர் வெள்ளம் வரலாம். தெளிந்த தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், சட்டி பானையைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள்.