மின்கார் பேட்டரி வாரண்டி கேட்பது எப்படி?

பினாங்கிலிருந்து ஈப்போ வரை நிற்காமல் போன அக்காவின் மின்கார், இப்போது தைப்பிங் தாண்டுவதற்குள் சார்ஜர் தேட வைக்கிறது. வாரண்டி கேட்டுப் போனால், "இதெல்லாம் நார்மல் லா" என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவோடு அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: வாரண்டி புத்தகத்தைத் திறந்து வருடம், கிலோமீட்டர், சதவீதம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் தருகின்றன; எது முந்துகிறதோ அதுவே கணக்கு. அதற்குள் பேட்டரியின் கொள்ளளவு, புதிதாக இருந்தபோது இருந்ததில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் காரா? நீங்கள் வாங்கிய தேதி செல்லாது, கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றில்) உள்ள முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள்.

படி 2: கொள்ளளவை அளக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். திரையில் 100 காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சின்ன டம்ளரையும் தளும்ப ஊற்றலாமே! டம்ளர் சுருங்கிய பிறகு, பழைய அளவில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்லும் எண்ணுக்கு எஸ்ஓஎச் என்று பெயர். பல கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் இடம்) சிறிய புளூடூத் கருவியைச் செருகி, போனிலேயே பார்த்துவிடலாம். அக்காவின் காரில் 68 வந்தது. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சர்வீஸ் சென்டரையே சோதிக்கச் சொல்லி, அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஜாப் ஷீட், அதாவது காரில் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று சர்வீஸ் சென்டர் எழுதும் தாள். கையெழுத்துப் போடுமுன் நின்று படியுங்கள். அக்காவின் முதல் ஜாப் ஷீட்டில் 'பொதுச் சோதனை' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பேட்டரி என்ற சொல்லே இல்லை. அந்த ஒரு குறையால் நான்கு மாதம் வீணானது.

படி 3: ஒப்புக்கொண்டாலும் பேட்டரி உடனே வராது. சில நூறு கிலோ எடை. லித்தியம் என்பதால் அபாயகரமான சரக்காகத்தான் ஏற்றுவார்கள். முழுப் பேட்டரியா, பழுதான பகுதி மட்டுமா, புதியதா, ஆர்டர் போட்ட தேதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 4: இழுத்தடித்தால் மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவைக் காட்டுங்கள். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க, தயாரிப்பாளரும் விற்பவரும் ஆவன செய்ய வேண்டும். கிடைக்காது என்று விற்கும்போதே தெரிவித்திருந்தால் மட்டும் நிலைமை வேறு.

அதற்கும் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். சோதனைத் தாள், ஜாப் ஷீட் இரண்டையும் விண்ணப்பப் பாரத்தோடு இணையுங்கள். அக்காவின் பாரத்தைப் போன வாரம்தான் கொடுத்தோம்.