இரத்தப் பம்புகளில் சிவப்பணுச் சிதைவைக் கணினியில் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயத் துணைப் பம்புகளிலும், உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவிகளிலும் வேகமாகச் சுழலும் இம்பெல்லர் என்னும் இறகுச் சக்கரத்தின் வழியே இரத்தம் செல்லும்போது, ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிவப்பணுக்கள் சறுக்குத் தகைவினால் (அடுத்தடுத்த படலங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் ஓரலகுப் பரப்பில் எழும் விசையால்) இழுபட்டு, அவற்றின் சவ்வு வழியே ஹீமோகுளோபின் பிளாஸ்மாவுக்குள் கசிகிறது. அவ்வாறு வெளியேறிய ஹீமோகுளோபின் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வதோடு, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடையும் பறித்துக்கொள்கிறது. ஆகவே, மாதிரிப் பம்பு ஒன்றைச் செய்து இரத்தத்தில் சோதிப்பதற்கு முன்பே சிதைவின் அளவைக் கணினியில் மதிப்பிட வடிவமைப்பாளர்கள் முயல்கின்றனர். இம்முயற்சியில் பாய்ம ஓட்டத்தைத் தீர்க்கும் கட்டத்தைவிட, தீர்த்த ஓட்டத்திலிருந்து ஒற்றைச் சிதைவு எண்ணை வரவழைக்கும் கட்டத்தில்தான் பெரும் பிழைகள் நேர்கின்றன.

பெரும்பாலானோர் கையாளுவது அடுக்கு விதி. தகைவை ஓர் அடுக்குக்கும், அத்தகைவைச் சிவப்பணு தாங்கிய நேரத்தை இன்னோர் அடுக்குக்கும் உயர்த்தி, இரண்டையும் ஒரு மாறிலியுடன் பெருக்கினால், வெளியேறிய ஹீமோகுளோபினின் பங்கு கிடைக்கும். கீர்சீபெனும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட வடிவத்தில் தகைவின் அடுக்கு 2.416, நேரத்தின் அடுக்கு 0.785, மாறிலி 0.0000362. தகைவைப் பாஸ்கலிலும் நேரத்தை வினாடியிலும் இட்டால் இந்த மாறிலி தரும் விடை சதவீதத்தில் வருகிறது. அதைப் பின்னமாக எடுத்துக்கொண்டால் விடை 100 மடங்கு பிசகிவிடும். அற்பமான பிழைதான், ஆனால் கணினி வரையும் வண்ணப் படங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது.

மாறிலிகளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது இதைவிடக் கனமான கேள்வி. கீர்சீபென் மாறிலிகள், ஒன்றனுள் ஒன்றாகச் சுழலும் உருளைகளுக்கிடையே மனித இரத்தத்தை வைத்து, சுமார் 255 பாஸ்கல் வரையிலான சீரான தகைவிலும் 0.7 வினாடி வரையிலான காலத்திலும் எடுத்த அளவீடுகளுக்குப் பொருத்தப்பட்டவை. அவை சிதைவை மிகைப்படுத்துகின்றன என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. ஹாய்சர், ஓபிட்ஸ் ஆகியோரின் 1980ஆம் ஆண்டு அளவீடுகள் பன்றி இரத்தத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றிலிருந்து பெறப்படும் தகைவு அடுக்கு 1.991. செம்மறியாட்டு இரத்தத்துக்கான மாறிலிகளும் உள்ளன. மாட்டு இரத்தத்தில் நடத்திய சோதனையோடு ஒப்பிடுவதற்கு மனித இரத்த மாறிலியை எடுத்து, விடை ஒத்துவராததால் பன்றி இரத்த மாறிலிக்கு மாறி, அதுவே சரியானது என்று அறிவிப்பது சரிபார்ப்பு ஆகாது; அது விடைக்கேற்பக் கணக்கைத் திருத்துவதாகும். எந்த மாறிலித் தொகுதியைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைச் சோதனை முடிவைப் பார்க்கும் முன்பே தீர்மானித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தின் அடுக்கு ஒன்றுக்குக் குறைவாக இருப்பதால் இன்னொரு பொறி உருவாகிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. அணு ஒன்றின் பாதையைச் சிறு நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் விதியைத் தனித்தனியே போட்டுக் கூட்டினால், துண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து விடை மாறும். தகைவு மாறாமல் இருந்தாலும், ஒரே துண்டாக எடுத்ததை 10 துண்டுகளாகப் பிரித்தால் 0.785 அடுக்குக்குச் சிதைவு 1.64 மடங்காகவும், 100 துண்டுகளாகப் பிரித்தால் 2.69 மடங்காகவும் உயர்கிறது. இரத்தத்தில் எதுவும் மாறவில்லை. கூட்டும் முறைதான் மாறியிருக்கிறது. நேர அடுக்கின் தலைகீழுக்குச் சிதைவை உயர்த்தி, காலத்தோடு நேர்விகிதத்தில் வளரும் அளவாக மாற்றி, அதைப் பாதை முழுதும் தொகுத்தபின் மீண்டும் பழைய அடுக்குக்குக் கொண்டுவருவதே தகுந்த வழி. கரான், ஃபாரினாஸ் ஆகியோர் 2004இல் முன்வைத்த கடத்தல் சமன்பாட்டின் அடிப்படையும் இதுதான். புதிதாக எழுதிய நிரலைப் பம்பில் ஓட்டுவதற்கு முன், மாறாத தகைவுள்ள ஒரு நேர்ப்பாதையில் நேரப் படியைப் பாதியாக்கிப் பார்த்தால் இப்பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது தகைவு பற்றியது. ஓட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தகைவு ஆறு கூறுகள் கொண்ட டென்சராக (திசைக்குத் திசை மாறும் எண்களின் தொகுப்பாக) இருக்க, அடுக்கு விதி ஒற்றை எண்ணைத்தான் ஏற்கிறது. அவ்வெண்ணை வரையறுக்கும் சூத்திரங்கள் ஒன்றுக்கொன்று ஒரு பெருக்கெண் அளவுக்கு வேறுபடுவதால், மாறிலிகள் எந்த வரையறையோடு பெறப்பட்டனவோ அதே வரையறையைப் பயன்படுத்த வேண்டும். தகைவில் 10 சதவீதப் பிசகு, 2.416 அடுக்கில் சிதைவை 26 சதவீதம் உயர்த்திவிடும்.

கொந்தளிப்பான ஓட்டத்தில் சிக்கல் மேலும் கூடுகிறது. ரெனால்ட்ஸ் தகைவு என்பது சராசரியாக்கும் கணக்கில் தோன்றும் உந்தப் பரிமாற்றத்தின் அளவே ஒழிய, அணுவின் சவ்வு உணரும் விசை அன்று. அதைப் பாகுத் தகைவோடு கூட்டி விதியில் இடுவோர் சிதைவைப் பல மடங்கு ஊதிப் பெருக்குகின்றனர். மறுபுறம், ரெனால்ட்ஸ் தகைவை ஒதுக்கிவிட்டு, சராசரித் திசைவேகத்தின் சரிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வோர், சிறு சுழல்களில் வெப்பமாகக் கரையும் ஆற்றலை முற்றிலும் விட்டுவிடுகின்றனர். இவ்விரண்டையும் தவிர்க்க, ஆற்றல் சிதறல் வீதத்திலிருந்து செயல்படு தகைவைப் பெறலாம் என்பதே என் பரிந்துரை. இதற்கு எளிய தணிக்கை ஒன்றும் உண்டு. அச்சுக்கு அளிக்கப்படும் திறனிலிருந்து ஓட்டம் பெறும் திறனைக் கழித்தால் வருவது, பம்பினுள் சிதறும் மொத்த ஆற்றலுக்குச் சமமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்ற நிலையில் ஓட்டம் பெறும் திறன் ஏறத்தாழ 1.1 வாட். இந்தக் கணக்கு ஒத்துவராத ஒரு தீர்வில் கிடைத்த சிதைவு எண்ணைப் பற்றி விவாதிப்பதே வீண்.

அழுத்த உயர்வு மாறாமல் நிலைத்துவிட்டது என்பதை வைத்து மெஷ் (கணக்கிடுவதற்காக ஓட்டப் பகுதியைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் வலை) போதுமானது என்று முடிவு செய்வதும் பரவலான தவறு. அழுத்தம் பெருமளவு ஓட்டத்தின் மொத்தப் போக்கால் தீர்மானமாகிறது. சிதைவோ இம்பெல்லரின் நுனிக்கும் கூட்டுக்கும் இடையிலான மெல்லிய இடைவெளியிலும் சுவரை ஒட்டிய படலத்திலும் பிறக்கிறது. எனவே மெஷைப் படிப்படியாக நுணுக்கும்போது சிதைவு எண்ணையே கண்காணிக்க வேண்டும். அது நிலைபெறுவதற்கு அழுத்தத்தைவிட நுண்ணிய மெஷ் தேவைப்படும். பாதைகளைப் பின்தொடரும் முறையிலும் இதே இடைவெளிதான் தொல்லை தருகிறது. நுழைவாயிலில் விட்ட சில நூறு துகள்களுள் மிகச் சிலவே அங்கு எட்டுகின்றன. சுழற்சியில் சிக்கிக்கொள்ளும் துகள்கள் வெளியேறாததால் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிடுகின்றன, உண்மையில் மிகுதியாகச் சேதமடைபவை அவையே.

பாகுநிலையைப் பொறுத்தவரை அதிகக் கவலை வேண்டியதில்லை. சறுக்கு வீதம் வினாடிக்கு சில நூறுக்கு மேலிருக்கும் இடங்களில் இரத்தத்தை நியூட்டோனியப் பாய்மமாக, அதாவது சறுக்கு வீதத்தால் பாகுநிலை மாறாத பாய்மமாகக் கொள்வது போதும். சோதனையில் பயன்படுத்திய இரத்தத்தின் ஹீமட்டோக்ரிட்டுக்கும் (சிவப்பணுக்களின் பருமப் பங்குக்கும்) வெப்பநிலைக்கும் ஏற்ற பாகுநிலையை இடுவதுதான் முக்கியம்.

ஒப்பிடும் கட்டத்தில் அளவுகளின் பொருளைக் கவனிக்க வேண்டும். கணினி தருவது இரத்தம் ஒருமுறை கடந்து செல்வதற்கான பின்னம், ஏ.எஸ்.டி.எம். எஃப்1841 தரநிலைப்படி மூடிய சுற்றில் 6 மணி நேரம் பம்பை ஓட்டிப் பெறும் குறியீடோ, 100 லிட்டர் இரத்தம் பம்பு செய்யப்படும்போது வெளியேறும் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்பதாகும். லிட்டருக்கு 150 கிராம் ஹீமோகுளோபின் உள்ள இரத்தத்தில் 0.01 என்ற குறியீடு, ஒருமுறை கடக்கையில் பத்துக் கோடியில் ஏறத்தாழ 67 பங்கு என்பதற்குச் சமம். இவ்வளவு நுண்ணிய எண்ணைச் சோதனைச் சுற்றின் குழாய்களும் கவ்வியும்கூடப் பாதிக்கும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சரிபார்ப்புக்கென்றே ஒரு மாதிரி மையவிலக்குப் பம்பின் வடிவத்தையும், நிமிடத்துக்கு 2500, 3500 சுற்றுகளில் எடுத்த அளவீடுகளையும் பொதுவில் வைத்துள்ளது. சொந்த வடிவமைப்பைத் தொடும் முன் அதில் தன் முறையை உரசிப் பார்க்காமல் செல்வதற்குச் சாக்கு இல்லை.

தனி எண்ணாக அறிவிக்கப்படும் சிதைவு மதிப்பை நான் நம்புவதில்லை. ஒரே மெஷ் நுணுக்கம், ஒரே மாறிலித் தொகுதி, ஒரே கொந்தளிப்பு மாதிரி ஆகியவற்றைக் கொண்டு இரு வடிவங்களுக்கிடையே பெறப்படும் விகிதம் நம்பத்தக்கது; இரண்டு மூன்று மாறிலித் தொகுதிகளை மாற்றி இட்ட பின்னும் வரிசை மாறாவிட்டால், மேலும் உறுதி பெறும். அந்த ஒப்பீட்டையும் வடிவமைப்பு நிலையில் (பம்பு எந்த ஓட்டத்துக்கென வடிவமைக்கப்பட்டதோ அந்நிலையில்) மட்டும் நிறுத்திவிடக் கூடாது. ஓட்டம் குறையும்போது இரத்தம் பம்பினுள்ளேயே நெடுநேரம் சுழல்வதால், வடிவமைப்பு நிலையில் முந்திய வடிவம் குறைந்த ஓட்டத்தில் பின்தங்கக்கூடும். சிவப்பணுவுக்கு உகந்ததாகத் தேர்ந்த வடிவத்தில், இரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்டு காரணியும் பிழைத்திருக்கும் என்று எண்ணுவதும் ஆகாது: அதற்கு வழக்கமாகக் கொள்ளும் தகைவு வரம்பு 9 பாஸ்கல், தட்டணுக்களுக்கு 50, சிவப்பணுச் சிதைவுக்கு 150. ஆகவே மூன்று வரம்புகளையும் தாண்டும் இரத்தப் பருமனைத் தனித்தனியே கணக்கிட்டு, சிதைவு எண்ணுக்குப் பக்கத்திலேயே அட்டவணையில் தர வேண்டும்.