அப்பாயியை எழுதி வைப்பது எப்படி

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த நோட்டீஸில் எங்கள் அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவை, ‘அன்பும் அடக்கமும் உருவானவர்’ என்று போட்டிருந்தார்கள். அன்பு சரி. அடக்கம்? வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் தெருவில் தென்பட்டால், யாரிடமும் சொல்லாமல் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிடுகிற, மூணாம் நாள் நாகூர் வழியாகத் திரும்பி, எண்ணெய் ஊறிய பொட்டலத்தைப் பிரித்து இறால் வைத்த ‘வாடா’ என்கிற பலகாரத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிற மனுஷி அவள். நோட்டீஸைப் பார்த்த எரிச்சலில்தான் 40 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருந்திருந்தால் இதைப் படியுங்கள்.

பதினாறு முடிவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள், அதற்கப்புறம் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். சாயங்காலம் காபி குடித்த கையோடு திண்ணையில் பேச்சு தானாகக் கிளம்பும். ‘பதிவு பண்றேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனை நடுவில் வையுங்கள். “அப்பாயி எப்படிப்பட்டவங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள், “ரொம்ப நல்லவங்க” என்பதோடு முடிந்துவிடும். பொருளை எடுத்துப் போட்டுக் கேளுங்கள். நான் சுருக்குப்பையைக் கவிழ்த்தேன். கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, நாலாக மடித்த பஸ் டிக்கெட், அப்புறம் ஒற்றைத் தாயக்கட்டை. ஜோடி எங்கே என்றேன். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் ஒரு கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “கட்டையைக் காணோமே” என்று ஆட்டத்தையே கலைத்துவிடுவாளாம்.

சொந்தக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஒப்பாரி வைத்த பெண்களிடம் போய் அந்த வரிகளைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், வீட்டு ஆம்பிளைகளுக்குத் தெரியாத பாதிக் கதை அதில் இருக்கும். எதற்கு வேளாங்கண்ணிக்கு நடந்தாள்? தாத்தாவோடு சண்டை என்றார் அப்பா, பிள்ளைக்காக நேர்ந்துகொண்டது என்றாள் அத்தை. பூக்கட்டும் அம்மாவோ, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவளுக்குக் கடலைப் பார்க்கணும்” என்றார். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? சொன்னவர் யார் என்று போட்டு மூன்றையும் எழுதிவிடுங்கள். பெரியவர்கள் “இதெல்லாம் எதுக்கு, நாலு பேர் என்ன நினைப்பாங்க” என்பார்கள். அவளே அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவர்களைக் காயப்படுத்துகிற விஷயம் என்றால் விட்டுவிடுங்கள், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

தேதிக்கு ஆதாரை நம்ப வேண்டாம். பிறந்த தேதி தெரியாத பல பாட்டிகளுக்கு அதில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். ஜாதகத்தில் தாது வருஷம் என்று இருந்தால் அது 1936-37. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் வயதை வைத்துச் சரிபாருங்கள். மற்றதற்கெல்லாம் எங்கள் நாகப்பட்டினம் பக்கம் புயல்தான் காலண்டர். “பெரிய புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டால் போதும், எந்தப் பெரிய புயல் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1952, 1977, 2018 என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று இருக்கிறது.

படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து ஃபோனில் எடுத்தாலே நன்றாக வரும். தனிப்படமாக இருந்தால் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள், பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பிய குரல் செய்திகளை இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் சேமியுங்கள். நான் ஃபோன் மாற்றியபோது அவள் என்னைத் திட்டி அனுப்பிய ஒன்றரை நிமிஷத்தைத் தொலைத்தவன்.

அச்சகம் எல்லாம் தேவையில்லை, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டாலே போதும். தலைத்திவசத்துக்கு வருகிற ஆளுக்கு ஒன்று கொடுங்கள், கடைசி இரண்டு பக்கத்தை வெறுமையாக விட்டு, கூடவே பேனாவும். எங்கள் சித்தப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதிய முதல் வரி: “வாடாவில் எனக்கு எப்பவும் ரெண்டு, பெரியவனுக்கு மூணு.”