மண்டபத்து விளக்கில் விழுந்த பட்டைகள்

கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே கருப்புப் பட்டைகள். வெளியே வெயிலில் எடுத்தால் ஒன்றுமே இல்லை. அதனால் கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரில் பழுதில்லை என்பது தெளிவானது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைகள். பல எல்இடி விளக்குகள் ஒவ்வொரு அலைக்கும் இருமுறை, ஆக நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவின் சைலண்ட் மோடில், அதாவது சத்தமில்லாமல் எடுக்கும் முறையில், சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. சில வரிகள் வெளிச்சமான கணத்திலும் சில மங்கிய கணத்திலும் பதிந்துவிடும். அதுதான் பட்டை.

ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி பதியும் நேரத்தை, 1/500 நொடியிலிருந்து 1/100 நொடிக்கு மாற்றினேன். ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் ஒரு முழுச் சுற்று கிடைத்துவிட, படம் சுத்தமாக வந்தது. 1/50-ம் சரிதான். தாலி கட்டும் நேரத்தில் கேமரா சத்தம் கேட்கக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இந்த வேகத்தில் சைலண்ட் மோடை விடவே தேவையில்லை.

குழந்தைகள் ஓடியாடினால் 1/100 போதாது. அப்போது நிஜமாகவே திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதியை ஆன் செய்கிறேன். விளக்கு பிரகாசமாக இருக்கும் கணம் பார்த்து கேமரா கிளிக் ஆகும். தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை.

மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் கணக்கே வேறு. ஷட்டர் வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, சோதனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.