அட், இன், ஆன், பிட்வீன், வித்: எதை எங்கே போடுவது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய் வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் மெயில் எழுதிக் கொடுக்கிறேன். இந்தச் சின்ன இங்கிலீஷ் சொற்களில் எது எங்கே வரும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இடம். செக்போஸ்ட்டில், சுவரில், ஜில்லாவில் என்று நாம் எல்லாவற்றுக்கும் 'இல்' போட்டுவிடுகிறோம். இங்கிலீஷில் இடத்தை எப்படிப் பார்க்கிறோம் என்பதே கணக்கு. வெறும் புள்ளியாகப் பார்த்தால் அட்: லாரி நிற்பது 'அட் தி வாளையார் செக்போஸ்ட்'. கோடோ மேற்பரப்போ என்றால் ஆன்: எல்லையை ஒட்டிய கிராமம் 'ஆன் தி பார்டர்'. உள்ளே அடங்கினால் இன்: 'இன் பாலக்காடு'.

அடுத்தது திசை. எனக்குப் பிடிபட நாளானது இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கொழிஞ்சாம்பாறை பாலக்காடு டவுனுக்கு வெளியே, கிழக்கே இருக்கிறது. ஆகவே 'டு தி ஈஸ்ட் ஆஃப் பாலக்காடு டவுன்'. அதே ஊர் பாலக்காடு ஜில்லாவுக்குள்தான் இருக்கிறது. அப்போது 'இன் தி ஈஸ்ட் ஆஃப் பாலக்காடு டிஸ்ட்ரிக்ட்'. பொள்ளாச்சியோ பாலக்காடு ஜில்லாவுக்கே வெளியே, அதற்கு டு. கேரளாவின் கிழக்கு ஓரத்தைத் தமிழ்நாடு தொடுகிறது என்று சொல்ல 'ஆன் தி ஈஸ்ட்'. மேப்பைத் திறந்து, உள்ளேயா வெளியேயா தொடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சரி, கூட்டு. இரண்டு பேர் என்றால் பிட்வீன், அதற்கு மேல் அமங் என்று பள்ளியில் சொல்லித் தருவது பாதிதான் சரி. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீருக்கு 1970இல் போட்ட ஒப்பந்தம் 'பிட்வீன் கேரளா அண்ட் தமிழ்நாடு'. காவிரி வழக்கில் தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா, புதுச்சேரி என்று நாலு தரப்பு. பேர் சொல்லித் தனித்தனியாக நிறுத்துவதால் அங்கேயும் பிட்வீன் வரும். பேர் பிரிக்காமல் கூட்டமாகச் சொன்னால் அமங்: 'அமங் தி ஃபார்மர்ஸ்'.

மச்சானோடு கூட்டு வியாபாரம் என்றால் 'இன் பார்ட்னர்ஷிப் வித் மை பிரதர் இன் லா'. ஆனால் கல்யாணத்துக்கு வித் வராது, 'மேரீட் டு' தான். டிஸ்கஸ் செய்யும் ஆளுக்கு வித் உண்டு, விஷயத்துக்கு முன்னால் அபௌட் வேண்டாம்: 'டிஸ்கஸ் தி ரேட் வித் ஹிம்'.

இதற்கெல்லாம் இங்கிலீஷ்-தமிழ் அகராதி போதாது, அர்த்தத்தோடு நின்றுவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் கற்பவர்களுக்கென்றே இணையத்தில் இலவச அகராதி வைத்திருக்கின்றன. மேரீட் என்று தேடினால் பக்கத்தில் டு இருக்கும், எடுத்துக்காட்டும் இருக்கும். என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

பின்சேர்க்கை: 'ஆன் தி பஸ்', 'இன் தி கார்' ஏன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம் எல்லாம் ஆன். கார், ஆட்டோ இன். அப்புறம் லாரி: டிரைவர் கேபினுக்குள் இருப்பதால் 'இன் தி லாரி', மேலே ஏற்றிய தேங்காய் 'ஆன் தி லாரி'.