திருட்டுப் பொருளுக்கு ஈயப் பெட்டி

கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டில் திருடுபோன பழம்பொருளைத் தேடும் சாகசத்தை நடத்துகிறீர்களா? திருடன் அதை ஒளித்துவைத்த பெட்டியின் உட்புறம் முழுக்க ஈயத் தகடு அடித்துவிடுங்கள்.

ஐந்தாம் பதிப்பு விதிப்படி, 'லொகேட் ஆப்ஜெக்ட்' மந்திரம் 1,000 அடிக்குள் இருக்கும் பொருளின் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். நடுவே காகிதக் கனத்தில் ஈயம் இருந்தாலும் போதும், மந்திரம் பலிக்காது. இல்லையென்றால் நீங்கள் இரவெல்லாம் எழுதிய மர்மம் பத்தே நிமிடத்தில் அவிழ்ந்துவிடும். கொல்லனிடம் ஈயத் தகடு வாங்கியது யார் என்பதே அடுத்த தடயமும் ஆகிறது. வாங்கியவர் பொருளின் உரிமையாளரே என்றால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

குழுவில் யாருக்கும் அந்த மந்திரம் தெரியாவிட்டால் தகடு வீண். அந்தப் பொருளை முன்பு 30 அடிக்குள் பார்த்திராதவரால் குறிப்பாக அதையே மந்திரத்தால் தேட முடியாது என்பதால், அவருக்கு எதிராகவும் தகடு தேவையில்லை. ஆனால் 'வெண்கல விளக்கு' என்று பொதுவாகத் தேடினால் மிக அருகிலிருப்பது சிக்கும், கவனம்.