பச்சோந்தி வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்து நிறம். விற்பவர் யார், அந்தக் குட்டி எங்கே பொரிந்தது என்று கேட்பவர்கள் குறைவு. நோஞ்சான் உயிர் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்வதும், சில நேரம் அதன் பின்னாலேயே வனத்துறை வந்து சேர்வதும் அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, நம் ஊர்ப் பச்சோந்தியை வாங்குவது. "தோட்டத்துல பிடிச்சது, ஏதாவது குடுங்க" என்று யாராவது கொண்டுவந்தால் கையை நீட்டாதீர்கள். இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் உயிரினம். பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது மூன்றுமே குற்றம். பிடித்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் மாட்டுவார். ரோட்டைக் கடக்கும் பச்சோந்தியைப் பார்த்தால் அது போகிற பக்கத்துப் புதரில் விட்டுவிடலாம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் சட்டப்படி எதை வாங்கலாம்? செல்லப்பிராணியாகப் பலரும் வளர்ப்பது ஏமன், சவூதிப் பகுதியைச் சேர்ந்த வெய்ல்டு கமீலியனும், மடகாஸ்கரின் பேந்தர் கமீலியனும். இரண்டும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாள்தான் அவகாசம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடைக்காரர் தரும் கைரசீது போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். விற்பவரிடமே பதிவு இல்லையென்றால், குட்டி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? "பேப்பர் எல்லாம் அப்புறம் அனுப்பறேன் அண்ணே" என்றால், குட்டியையும் அப்புறமே வாங்கிக்கொள்ளலாம். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கடத்திவரும் ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. பிடிபடாமல் தப்பியவை எங்கே விற்பனைக்கு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காகிதம் கேட்பது சட்டத்துக்காக மட்டுமல்ல. காட்டில் பிடித்த பச்சோந்தியின் வயிற்றில் பெரும்பாலும் புழுக்கள் இருக்கும். காட்டில் அவற்றோடு எப்படியோ காலம் தள்ளிவிடும். பெட்டியில் அடைத்து, தண்ணீரில்லாமல், பயத்தோடு பல நாள் பயணம் செய்தபின் அதே புழுக்கள் அதைச் சாய்த்துவிடும். வளர்ப்பில் பொரிந்த குட்டிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் கடையைவிட, தானே குஞ்சு பொரிக்க வைத்தவரிடம் வாங்குவதே என் கணக்கில் சரி. தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். பொரிந்த தேதி, என்ன தீனி, என்ன கால்சியம் பொடி என்று கேளுங்கள். உண்மையில் வளர்ப்பவர் இதையெல்லாம் கேட்டால் சந்தோஷப்படுவார், பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். வாங்கி விற்பவர் எரிச்சல்படுவார்.

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புவது அடுத்த தவறு. பேந்தர் கமீலியன் என்று போட்டிருக்கும் நீலமும் சிவப்புமான படம் வளர்ந்த ஆணுடையது. குட்டிகள் மங்கிய பழுப்பு, சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். பெண் வளர்ந்தாலும் அந்த நீலம் வராது. பிறகு பார்சல் வேறு. வெயில் நேரத்தில் ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் ஒரு குட்டிப் பச்சோந்தி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. நேரில் போக முடியாத தூரமென்றால் வாங்காதீர்கள்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது? முதலில் கூண்டைப் பாருங்கள். கலர்மீன் கடைகளில் மீன் தொட்டி மாதிரி மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்தை ஒன்றாகப் போட்டிருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். பச்சோந்தி தனியாக வாழ்வது. இன்னொன்றைப் பார்த்தபடியே இருந்தால் தீனியைக் குறைத்து வாடிப்போகும். கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் வைத்திருப்பவருக்கு இந்த உயிரைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம். இலையில் சொட்டும் நீரைத்தான் அது நக்கிக் குடிக்கும்.

அப்புறம் கண். பகலில் கண்ணை மூடியிருக்கும் பச்சோந்தி தூங்கவில்லை, நோயில் இருக்கிறது. "சாந்தமான குட்டி" என்று விற்பார்கள். கண் உள்ளே குழிந்திருந்தால் உடம்பில் நீரில்லை. எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். குச்சியில் நடக்கவிட்டுப் பாருங்கள். பிடி உறுதியாக இருக்க வேண்டும். முன்கால் வில்லாக வளைந்திருந்தாலோ, தாடை சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ கால்சியமும் புற ஊதா வெளிச்சமும் கிடைக்காமல் எலும்பு கெட்டிருக்கிறது. வளைந்த எலும்பு பிறகு நிமிராது. கடைசியாக, உங்கள் கண்முன்னால் ஒரு பூச்சியைப் போடச் சொல்லுங்கள். நாக்கை நீட்டிப் பிடித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. "இப்பத்தான் சாப்பிட்டுச்சு" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைவான குட்டி வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும். ஆணா பெண்ணா என்பதையும் கேளுங்கள். வெய்ல்டு ஆணுக்குப் பின்னங்காலில் குதிமுள் உண்டு, பிறந்ததிலிருந்தே தெரியும். பெண் ஆணோடு சேராமலேயே முட்டையிடும். முட்டை உள்ளே தங்கினால் உயிருக்கே ஆபத்து. முதல்முறை வளர்ப்பவருக்கு ஆண்தான் நல்லது.

பணம் கொடுக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று: மருத்துவரைத் தேடுவது. மாடு, ஆடு, நாய் பார்க்கும் மருத்துவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. ஊர்வன பார்ப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். வாங்கிய முதல் வாரத்திலேயே புது எச்சத்தைப் புழுப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். நெல்லையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ குட்டியைக் கொண்டுவருவதாக இருந்தால் காலை வண்டியில் வாருங்கள். காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டிக்குள் பிடித்துக்கொள்ள ஒரு குச்சியைக் குறுக்கே பொருத்தி, வழியில் திறந்து பார்க்காமல் கொண்டுவாருங்கள். கூண்டும் விளக்கும் அதற்கு முதல் நாளே வீட்டில் தயாராக இருக்கட்டும்.